அடுப்பில் ஒன்று, அடுப்பில்லாமல் ஒன்று

பருப்புத் துவையல், மிளகு ரசம், சுட்ட அப்பளம். இந்த மூன்றும் சேர்ந்த ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஈடாக இன்னொன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்! ஐப்பசி மழை கொட்டித் தீர்க்கிறது. தரமணி லிங்க் ரோட்டில் முழங்கால் தண்ணீர். டைடல் பார்க் சிக்னலில் மாட்டிக்கொண்டவர்கள் ஆரனை விடாமல் அடிக்கிறார்கள். நானோ வீட்டில், தட்டில் ஆவி பறக்கும் சோற்றின் நடுவே குழி பறித்து, ஒரு கரண்டி நல்லெண்ணெயை ஊற்றி, துவையலை வைத்துப் பிசைகிறேன். அந்த வாசனை மூக்கில் ஏறும்போது எனக்கு யார் மீதும் பொறாமை கிடையாது.

2000-ல் டைடல் பார்க் வந்தது. அதன் பின்னால் ஐ.டி. கட்டடங்கள் வரிசையாக முளைத்தன. அவற்றுக்குப் பின்னால் என்னைப் போன்ற ஒற்றை ஆட்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினோம். கானகம் பக்கத்துத் தெருக்களில் ஓர் அறை, ஒரு சமையல் திட்டு, ஒரே ஒரு அடுப்பு என்று போர்ஷன்கள் பெருகின. வாசலில் இறங்கினால் பிரியாணி அண்டா, தோசைத் தள்ளுவண்டி, பரோட்டாக் கல். கையில் இருக்கும் போனைத் தட்டினால் சாப்பாடு படியேறி வருகிறது. அப்படியிருந்தும் நான் சமைக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் கீழ் வீட்டு அக்கா.

ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாம் எப்படிச் செய்வது என்று நான் புலம்பிய நாளில் அவர் சொன்னார்: "அடுப்பு ஒண்ணுதாங்கறியே தம்பி, வாயி என்னா நாலா கீது? ஒண்ண அடுப்புல வை. இன்னொண்ண அடுப்பு இல்லாம பண்ணு. வேல முடிஞ்சுது."

எவ்வளவு பெரிய சமையல் சாஸ்திரம் இது! நம் பாட்டிமார் சமையலில் பாதி, அடுப்பை நம்பாத சமையல்தான். துவையல், பச்சடி, பொடி, ஊறுகாய், பச்சை வெங்காயம், மாங்காய்க் கீற்று என்று எத்தனை இருக்கின்றன! அடுப்பில் ஒரு கொதி, பக்கத்தில் ஒரு தொட்டுக்கை. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டபின் என் சமையல்கட்டு எனக்கு அரண்மனையாகிவிட்டது.

முதலில் துவையல். கால் கப் துவரம் பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், அரை ஸ்பூன் மிளகு. வாணலியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெல்லிய தீயில் வறுக்க வேண்டும். அவசரம் கூடாது. வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருந்தால் துவையல் மண்ணாங்கட்டி, கருகினால் கசப்பு. பருப்பு முழுக்கச் சிவந்து வாசனை தெருவுக்குப் போனதும் இறக்கி, ஆறவிட்டு, இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல், ஒரு பல் பூண்டு, உப்பு சேர்த்துக் கொஞ்சமே தண்ணீர் தெளித்துக் கொரகொரப்பாக அரையுங்கள். நைசாக அரைத்தால் அது சட்னி. விரலில் பருப்பு நெருடினால்தான் துவையல். அந்த ஐந்து நிமிட வறுவலை அடுப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது அக்காவின் தீர்ப்பு.

அடுத்து ரசம். நெல்லிக்காயளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஒரு தக்காளியைக் கையால் பிசைந்து போட்டு, மஞ்சள், உப்பு, பெருங்காயத்தோடு கொதிக்கவிடுங்கள். பச்சை வாசனை போனதும், தட்டிய மிளகு, சீரகம், நாலு பல் பூண்டைப் போட வேண்டும். அதற்கப்புறம் கொதிக்கவே கூடாது. மேலே மஞ்சள் நுரை கட்டி எழும்புகிறதே, அந்த நொடியில் தீயை அணையுங்கள். மிளகின் மணமும் பூண்டின் மணமும் ஆவியோடு பறந்துபோகும் சரக்கு. கொதிக்கக் கொதிக்க ரசம் அண்டை வீட்டுக்காரர் மூக்குக்குப் போகும், உங்கள் நாக்குக்கு வராது. நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, கொத்துமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடிவிடுங்கள். வேகவைத்த பருப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், பருப்பு துவையலில் இருக்கிறதே!

அம்மா கொடுத்தனுப்பிய ஈயச் சொம்பில்தான் நான் ரசம் வைக்கிறேன். அதில் வைத்த ரசத்துக்கு ஒரு தனி மணம் உண்டு என்று சத்தியம் செய்யும் கட்சி நான். வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சொம்பு சுத்தமான வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் கலந்தது ஆகாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஆகவே புளித்தண்ணீரை ஊற்றியபின் அடுப்பைப் பற்றவையுங்கள். வெறும் சொம்பைத் தீயில் வைத்தால் ரசத்துக்குப் பதில் ஈயக் கட்டிதான் மிஞ்சும். ரசம் இறங்கியதும் அதே தீயில் அப்பளத்தை இரண்டு பக்கமும் வாட்டினால் விருந்து தயார்!

கீரைக்கு வருவோம். காலையில் கீரைக்காரம்மா குரல் கேட்டதும் படியிறங்கி ஓடுவேன். சிறுகீரையோ அரைக்கீரையோ ஒரு கட்டு. மண் அலசி, நறுக்கி, ஐந்தாறு சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய், கால் ஸ்பூன் சீரகத்தோடு சட்டியில் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, மூடாமல் வேகவையுங்கள். மூடினால் கீரையிலிருந்து கிளம்பும் அமிலம் ஆவியோடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பச்சையைப் பழுப்பாக்கிவிடும். ஏழெட்டு நிமிடம் போதும். உப்புப் போட்டு மத்தால் கடைந்து, வெங்காய வடகத்தைத் தாளித்துக் கொட்டுங்கள். வடகம் எண்ணெயில் வெடிக்கும்போது மாடியில் இருக்கும் பி.ஜி. பையன்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்றால் பாருங்களேன்! தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய். வேறெதுவும் வேண்டாம்.

இனி என் உயிர்: கருவாட்டுக் குழம்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். காசிமேட்டுக்கு வரத்துக் குறையும், மீன் விலை ஏறும். அதே நாட்களில்தான் தெருவெங்கும் மாங்காய் குவிகிறது. இயற்கை எப்படி ஜோடி சேர்க்கிறது பாருங்கள்! நெத்திலிக் கருவாடும் புளிப்பு மாங்காயும் ஒன்றுக்காகவே ஒன்று பிறந்தவை.

கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மணல் போக மூன்று நாலு தண்ணீரில் அலசுங்கள். நல்லெண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, குழம்பு மிளகாய்த்தூளைப் போட்டுப் பிரட்டி, கொஞ்சம் புளி கரைத்து ஊற்றுங்கள். மாங்காய் புளிப்பு வருகிறது, ஆகவே புளியில் கை இறுக்கம் தேவை. கத்திரிக்காயும் வேகவைத்த மொச்சையும் போட்டு, காய் வெந்ததும் மாங்காய், கடைசியில் கருவாடு. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்டவிடுங்கள். உப்பை அதற்கப்புறம் ருசி பார்த்துப் போடுங்கள். கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது. தொட்டுக்கை பச்சைச் சின்ன வெங்காயம். இந்தக் குழம்பு அன்றைக்கு நன்றாக இருக்கும், மறுநாள் பிரமாதமாக இருக்கும். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழுக்கு இதைத் தொட்டுக்கொண்டு குடித்துப் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு எதுவும் சொல்லத் தேவையில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஓட்டல் நிர்வாகப் படிப்புக்கான மத்திய அரசுக் கல்லூரி எங்கள் தரமணியில்தான் இருக்கிறது. உயரமான வெள்ளைத் தொப்பி அணிந்து பிரெஞ்சு சாஸ் கிண்டக் கற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், அக்காவை அழைத்துப் போய் அங்கே ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு வகுப்பு எடுக்க வைக்க மாட்டார்களா என்று ஆசை வரும்.

தரமணியின் இன்னொரு பெருமை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1988-ல் தொடங்கியது. கொல்லிமலை விவசாயிகளோடு சேர்ந்து சாமை, தினை, கேழ்வரகு போன்ற தானியங்களைக் காப்பாற்ற நெடுங்காலம் உழைத்தவர்கள். ஐ.நா. சபை 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது பிற்பாடு வந்த கதை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கும்பிடு போடுவேன். காரணம் சாமைத் தயிர்சாதம். ஒரு கப் சாமைக்கு மூன்று கப் தண்ணீர். கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். ஆறியபின் பாலை நிறைய ஊற்றி, தயிரை ஒரே ஒரு ஸ்பூன் விட்டுப் பிசையுங்கள். காலையில் பிசைந்தால் மதியத்துக்குள் டப்பாவுக்குள்ளேயே பால் தயிராகியிருக்கும். சித்திரை வெயிலிலும் புளிக்காது. கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்து, மாங்காயைத் துருவிப் போட்டால் பக்கத்து மேசைக்காரர் ஸ்பூனோடு வருவார்.

நிறைவாக, நம் ஊர் ஏழைப்பட்ட ராணி: அரிசி உப்புமா. அளவு தெரியாமல் தவிப்பவர்களுக்குத் துணை எஸ். மீனாட்சி அம்மாள். 1951-ல் அவர் 'சமைத்துப் பார்' முதல் பாகத்தை வெளியிட்டார். கல்யாணப் பெண்களுக்குச் சீராகக் கொடுத்தனுப்பப்பட்ட புத்தகம் அது. அளவுகள் குடும்பத்துக்கானவை என்பதால் என்னைப் போன்ற ஒற்றை ஆள் வகுத்துக்கொள்ள வேண்டும். என் கணக்கு இது: ஒரு கப் பச்சரிசி, இரண்டு டேபிள் ஸ்பூன் துவரம் பருப்பு, ஒரு ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சீரகம். மிக்சியில் ரவையாக உடைத்துக்கொள்ளுங்கள். அடி கனமான இரும்பு வாணலியில் தேங்காய் எண்ணெய் விட்டு, கடுகு, உளுத்தம் பருப்பு, கடலைப் பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, இரண்டரை கப் தண்ணீர் ஊற்றுங்கள். கொதித்ததும் உப்பும் ஒரு பிடி தேங்காய்த் துருவலும் போட்டு, ரவையைக் கொட்டிக் கிளறி, தீயை முழுக்கக் குறைத்து மூடிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம். நடுவில் ஒரே ஒரு தடவை கிளறி, சுற்றிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் போதும்.

கத்திரிக்காய் கொத்சு இதற்குப் பிறவித் துணை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், அடுப்பு இரண்டு இருப்பவர்கள் செய்துகொள்ளட்டும். நமக்கு ஒரு துண்டு வெல்லமோ, தேங்காயையும் பச்சை மிளகாயையும் அப்படியே அரைத்த துவையலோ ஜோராகப் பொருந்தும். அணைத்தபின் ஐந்து நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில்தான் அடியில் பொன்னிறமாகக் காந்தல் பிடிக்கிறது. உப்புமாவை யார் கேட்டாலும் தாராளமாகக் கொடுங்கள். காந்தலைத் தோசைத் திருப்பியால் பெயர்க்கும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அது சமைத்தவருக்குச் சேர வேண்டிய கூலி!