‘மக்கிப்போச்சு’: யார் செய்த வேலை?

அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதிய காலந்தொட்டு தோட்டம் நம் புனைவின் நிலம். ஆனால் பேராக் தோட்டங்களின் முடிவை எழுதும்போது பல கதைகள் ஒரே வரியில் தப்பித்துக்கொள்கின்றன: “எல்லாம் மக்கிப்போச்சு.”

மரம்கூடத் தானாக மக்குவதில்லை. மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின், ஒழுங்கற்ற கெட்டிப் பின்னல். வெண்ணழுகல் பூஞ்சைகள் லாக்கேஸ், பெராக்சிடேஸ் என்ற நொதிகளை உடலுக்கு வெளியே சுரக்கின்றன. அவை எலக்ட்ரானைப் பிடுங்க, பின்னல் சிதறும். பூஞ்சையின் கண்ணெல்லாம் உள்ளே இருக்கும் செல்லுலோஸ் மேல்தான். பால்மரத்துக்கு வெள்ளை வேர்நோய் தரும் ரிஜிடோபோரஸும் இந்த இனம்தான். மறுநடவில் பழைய அடிக்கட்டையைத் தோண்டாமல் விட்டால், வேர்வழியே புதுக்கன்றையும் பிடிக்கும்.

தோட்டத்துக்கும் அப்படித்தான். துண்டுபோட்டு விற்றவர்கள் இருந்தார்கள். லாபம் பார்த்தவர்கள் இருந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலை எதிர்கொள்ளத்தான். விற்றவர், எதிர்த்தவர் இருவரையும் ‘மக்கிப்போச்சு’ ஒரே மண்ணில் புதைத்துவிடுகிறது. கண்ணீர் விட்டால் கட்டை வெளியே வராது. அடுத்த கதையில் அந்தச் சொல் வந்தால் கேளுங்கள்: யாரு பண்ணினது? உள்ளே எதை எடுக்க?