ஹுனைன் கற்ற கிரேக்கம்

பக்தாதின் மொழிபெயர்ப்புப் பணியைப் போற்றும் நம்மவர், கலீஃபாக்கள் அளித்த பொன்னையே பேசுவர்; மொழி கற்றவர் பட்ட பாட்டைப் பேசார். ஹீராவின் மருந்து வணிகர் மகனும் கிறிஸ்தவருமான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873), ஆசிரியரின் ஏச்சுக்கு ஆளாகி அழுதுகொண்டே வெளியேறியவர். கிரேக்கம் கைவரும்வரை மருத்துவம் கற்பதில்லையெனச் சூளுரைத்தார். ஈராண்டுக்கு மேல் காணாதிருந்த அவரை, நீண்ட முடி முகத்தை மறைக்க, ஹோமரின் பாடலை ஓதியவாறு உலவும் கோலத்தில் இப்னு அபீ உஸைபிஆவின் ‘உயூனுல் அன்பா’ காட்டுகிறது. அறிந்தவர் ஒருவர் குரலைக் கொண்டே இனங்கண்டாராம்! சிறந்த சித்திரந்தான். எனினும் அவர் எவர் வீட்டில் உண்டார், எந்தச் சந்தையில் பிழைபடப் பேசி நகைப்புக்கு ஆளானார் என்பதற்கு அக்கதையில் ஒரு வரியும் இல்லை. தபகாத் நூல்களின் பெருங்குறை இது. அரபி இலக்கணத்தோடு மல்லாடிய எம்போன்றோர்க்கு வேண்டியவை அந்தப் பக்கங்களே.