பிழைக்குப் பிழை நகல்: பழைய பாணி பேஸ் கிட்டாரில் எதைத் திருத்தலாம், எதை விட்டுவிடலாம்?

மென்பொருள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய நிரலை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதும்போது, பழையதில் இருந்த பிழைகளையும் சில சமயம் வேண்டுமென்றே அப்படியே வைப்போம். ஏன்னா அந்தப் பிழையை நம்பி வேறு எங்கோ வேறு ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும். 'விண்டேஜ்' என்ற பெயரில் விற்கும் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார்களைப் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். ஒலியை மட்டும் நகல் எடுப்பதில்லை, குறைகளையும் சேர்த்தே எடுக்கிறார்கள். அதை வாங்குபவர் குறைக்குக் காரணம் தெரியாமல் பாகம் பாகமாக மாற்றிப் பணத்தைக் கரைக்கிறார். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் 34 அங்குலம், 20 ஃபிரெட், ஒரே ஒரு பிக்கப். ஃபிரெட் இருப்பதால் சுரம் துல்லியமாக வரும் என்பதுதான் பெயரிலேயே இருக்கும் வாக்குறுதி. ஆனால் அந்த முதல் பிரிட்ஜில் நாலு தந்திக்கும் இரண்டே சேடில். E-யும் A-யும் ஒன்றில், D-யும் G-யும் மற்றொன்றில். தடித்த தந்திக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் தேவை. E-க்குச் சரியாக வைத்தால் A-க்கு நீளம் அதிகமாகி, மேல் ஃபிரெட்களில் சுரம் தாழ்ந்துவிடும். A-க்கு வைத்தால் E ஏறிவிடும். பெயர் 'துல்லியம்', பிரிட்ஜோ சமரசம்!

இதை முதலில் திருத்தியவரும் அவர்தான். 1957இல் நாலு தந்திக்கு நாலு சேடில் வந்தது. பிக்கப்பும் இரண்டு துண்டாகப் பிரிந்து, இரைச்சலை ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ளும்படி இணைக்கப்பட்டது. 1960இல் இரண்டு பிக்கப்போடு ஜாஸ் பேஸ். பிறகு 1976இல் வேறு கம்பெனியான மியூசிக் மேனில் ஸ்டிங்ரே. அதில் டிரஸ் ராட் திருகு கழுத்தின் அடியிலிருந்து தலைப்பக்கத்துக்கு வந்துவிட்டது. அதாவது, வடிவமைத்தவரே தன் வடிவத்தைப் புனிதமாக நினைக்கவில்லை. கால் நூற்றாண்டுக்கு அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1982இல் ஃபெண்டர் கம்பெனி '57, '62 மாதிரிகளை மறுவெளியீடு செய்யத் தொடங்கியபோதுதான் அந்தந்த வருஷத்தின் நிலை 'சரியான' நிலையாக உறைந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒரு திட்டத்தின் நடுவில் ஒரு பதிப்பை எடுத்து, இதுதான் வேதம்னு சொன்ன மாதிரி.

சரி, குறைகளுக்கு வருவோம். என் விமர்சனத்துக்கு அளவுகோல் ஒன்றுதான்: இந்தக் குறை ஒலியோடு பின்னியிருக்கிறதா, இல்லை வாசிப்பவரை வெறுமனே வதைக்கிறதா?

டிரஸ் ராட். தந்திகள் நாலும் சேர்ந்து சுமார் 70–80 கிலோ விசையில் கழுத்தை இழுக்கின்றன. அதற்கு எதிராகக் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பிதான் டிரஸ் ராட். பழைய பாணியில் அதன் திருகு கழுத்தின் அடிப்பக்கம், உடலோடு சேரும் இடத்தில் ஒளிந்திருக்கும். கால் சுற்று திருப்ப வேண்டுமென்றால் தந்தியைத் தளர்த்தி, நாலு ஸ்குரூவைக் கழற்றி, கழுத்தை எடுத்துத் திருப்பி, மறுபடி பூட்டி, சுருதி சேர்த்து, அப்புறம்தான் பலன் தெரியும். போதாவிட்டால் முதலிலிருந்து. ஒரு எழுத்தை மாற்ற முழு நிரலையும் மறுபடி கம்பைல் செய்வது போலத்தான். ஒவ்வொரு சுற்றிலும் மரத்தில் உள்ள ஸ்குரூ துளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். (தேய்ந்துவிட்டால் மரப்பசை தொட்ட பல்குச்சியைத் துளையில் திணித்து, காய்ந்ததும் மட்டமாக வெட்டினால் ஸ்குரூ மறுபடி பிடிக்கும்.) திருகின் வாய் எந்தப் பக்கம் இருந்தால் ஒலி பழசாகக் கேட்கும் என்று யாரும் இதுவரை எனக்குக் காதால் நிரூபித்ததில்லை. மறுவெளியீடுகளில் தயவே இல்லாமல் மாற்றியிருக்க வேண்டிய அம்சம் இது.

பிரிட்ஜ். அதிகம் திட்டு வாங்குவது இதுதான். வளைத்த ஒரு தகடு, அதன் மேல் மரையிட்ட நாலு உருளைகள். G தந்தியை வேகமாக இழுத்தால் ஒரு மரையிலிருந்து பக்கத்து மரைக்குத் தாவும். உயரத் திருகுகள் அதிர்ந்து தளரும். சில பேஸ்களில் அவை உருளைக்கு மேலே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் குத்தும். உடனே எல்லோரும் சொல்லும் மருந்து, கனமான புது பிரிட்ஜ் வாங்கு.

இங்கேதான் எனக்குக் கருத்து வேறுபாடு. திருகு ஏன் நீட்டிக்கொண்டிருக்கிறது? சேடில் கடைசி மட்டத்துக்கு இறங்கியிருப்பதால். அது ஏன் இறங்கியிருக்கிறது? தந்தி உயரமாக இருந்ததால் யாரோ இறக்கியிருக்கிறார்கள். தந்தி ஏன் உயரம்? கழுத்தின் கோணம் சரியில்லை. ஆக, நோய் கழுத்து உட்காரும் குழியில். நாம் மருந்து தடவுவது பிரிட்ஜில்.

குழியின் பின் விளிம்பில் 0.25 மி.மீ. தடிமனில் ஒரு ஷிம் வைத்துப் பாருங்கள். குழியின் நீளம் சுமார் 75 மி.மீ. அதன் முன் விளிம்பிலிருந்து பிரிட்ஜ் வரை சுமார் 330 மி.மீ. எளிய விகிதக் கணக்கில், அதே தந்தி உயரத்துக்குச் சேடிலை ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உயர்த்த வேண்டிவரும். சேடில் உயர்ந்தால் திருகு உள்ளே போய்விடும், கையைக் குத்தாது. தந்தி சேடிலில் மடங்கும் கோணம் கூடும், அழுத்தம் கூடும், திருகுகள் கடகடப்பதும் தந்தி தாவுவதும் குறையும். அட்டைத் தடிமன் ஒரு துண்டு, மூன்று புகார்கள் முடிந்தன. அதற்குப் பிறகும் தந்தி தாவினால், அது உட்காரும் மரையை மட்டும் ஊசி அரத்தால் லேசாக ஆழப்படுத்தலாம். பிரிட்ஜை மாற்றுவது கடைசிப் படி. அப்போதும் பழைய ஸ்குரூ துளைகளிலேயே பொருந்துவதாகப் பாருங்கள். மரத்தில் புதுத் துளை போட்டால் திரும்பிப் போக வழியில்லை.

இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் இரைவது குறையல்ல, அதன் இயல்பு. ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூமையும் முழுசாக வைத்தால் அந்த இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் திரும்பி வரும். ஆனால் ஒரு சோதனை செய்யுங்கள். தந்தியைத் தொட்டால் இரைச்சலில் மாற்றமே இல்லை, கேபிள் சொருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் இணைப்பு அறுந்திருக்கிறது. பழைய ஜாஸ் பேஸ்களில் இது கம்பிகூட இல்லை, பிரிட்ஜுக்கு அடியில் ஓடும் ஒரு மெல்லிய தகட்டுப்பட்டை. துருவோ அழுக்கோ நடுவில் சேர்ந்தால் போதும். பட்டையையும் தொடும் இடத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். இதற்காகப் பிக்கப்பை மாற்றுவது, பல்ப் எரியவில்லை என்று வீட்டை மாற்றுவதற்குச் சமம்.

செத்த சுரம். G தந்தியில் 5–7 ஃபிரெட் பக்கம் ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் செத்துப்போகும். பிரிட்ஜ், நட், தந்தி எல்லாவற்றையும் மாற்றியும் போகாது. காரணம், அந்த அதிர்வெண்ணில் கழுத்தே சேர்ந்து ஆடித் தந்தியின் ஆற்றலை உறிஞ்சிவிடுகிறது. மியூனிக்கில் ஹெல்முட் ஃப்ளைஷர் இதைக் கழுத்தின் மேல் நேரடியாக அளந்தே காட்டியிருக்கிறார். தலைப்பகுதியில் கொஞ்சம் எடை கூட்டினால் செத்த இடம் பக்கத்துக்கு நகரும், மறையாது. நீளமான மெல்லிய மரக்கழுத்து இருக்கும்வரை இந்தக் குறையும் இருக்கும். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி எதிர்த்தரப்பு வாதம். அதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. மோட்டவுன் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடம் இருந்தது 1962 பிரிசிஷன் பேஸ். வழவழப்பான சுற்று கொண்ட தந்திகளை மாற்றவே மாட்டார். பிரிட்ஜ் மூடியின் அடியில் ஸ்பஞ்ச். தந்தியும் உயரம். இன்றைய செட்டப் பட்டியலை வைத்துப் பார்த்தால் அந்த பேஸ் ஃபெயில். ஆனால் பேஸ் வாசிப்பின் இலக்கணமே அதிலிருந்துதான் எழுதப்பட்டது. 1983இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அது திருடுபோனது.

இதிலிருந்து 'எதையும் தொடாதே' என்று முடிவு கட்டுவது தப்பு. ஜேமர்சனின் பழைய தந்தியும் ஸ்பஞ்சும் அவர் தேர்ந்தெடுத்தவை. அவை ஒலியின் பகுதி. தளர்ந்த திருகும், துருப்பிடித்த எர்த் பட்டையும், கோணிய கழுத்தும் யாரும் தேர்ந்தெடுத்தவை அல்ல. மறுவெளியீடுகளின் மேல் எனக்குள்ள முக்கியமான புகார் இந்த வித்தியாசத்தை அவை மழுங்கடிப்பதுதான். G தந்தி ஓரத்தில் ஒரு சின்ன கைப்பிடி இருக்கும், பார்த்திருப்பீர்கள். கட்டைவிரலால் வாசிப்பவர் மற்ற விரல்களை ஊன்றிக்கொள்ள வைத்தது. இன்று அப்படி வாசிப்பவர் அபூர்வம், ஆனாலும் அது மில்லிமீட்டர் பிசகாமல் அங்கே இருக்கிறது. அதற்குக் காட்டிய அக்கறையில் பாதியைக் கழுத்துக் குழிக்குக் காட்டியிருக்கலாம்.

உங்களிடம் அப்படி ஒரு பேஸ் இருந்தால், கடைக்குப் போகுமுன் இந்த வரிசையில் பாருங்கள்: முதலில் கழுத்தின் வளைவு, அடுத்து கழுத்தின் கோணம், அப்புறம் சேடில், கடைசியில் மின்சாரம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கழற்றிய ஒவ்வொரு திருகையும் ஒரு கவரில் போட்டு, எந்த இடத்துத் திருகு என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நமக்குப் பிறகு அதை வாசிக்கப் போகிறவருக்கு நம் திருத்தம் பிடிக்காமல் போகலாம். அதைத் திருப்பிப் போடும் உரிமை அவருக்கு இருக்கட்டும்.