விளித்தது யாரை?

திண்டுக்கல் மலைக்கோட்டை நாகல் நகர் மக்கள் அன்றாடம் காணும் பாறைதான். 1792இல் திப்புவிடமிருந்து அது கும்பினியின் கைக்கு மாறிற்று. கும்பினியை எதிர்த்துக் கூட்டணி கண்ட விருப்பாச்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலே தொங்கினார். அவ்வாண்டு சூன் 16இல், அவருடைய தோழர் சின்ன மருது திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஓர் அறிக்கையை ஒட்டினார். அதனைப் பிரெஞ்சுப் புரட்சியின் உடன்பிறப்பென முழங்குவோர் அதன் முதல் வரியையேனும் படித்தனரா?

ஆண்மை மிக்க எழுத்துத்தான்; ஐயமில்லை. ஆனால் அது விளித்தது யாரை? பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசுலிம்கள்! முசுலிமையும் உடனழைத்த பெருமை அதற்குண்டு. நால்வருணத்திற்குப் புறத்தே நிறுத்தப்பட்டவனுக்கோ அவ்விளியில் இடமில்லை. மாந்தர் அனைவரும் உரிமையில் சமமாகப் பிறக்கின்றனர் என்று பிரெஞ்சு மன்றம் 1789இலேயே சாற்றிவிட்டது. (அந்தப் பிரான்சே, 1794இல் ஒழித்த அடிமை முறையை 1802இல் நெப்போலியன் கையால் மீட்டுக்கொண்டது என்பது வேறு கதை.)

கும்பினி ஒழிந்தபின் நாடு எவர்க்கு? பழைய மன்னர்க்கே மீள வேண்டும் என்கிறது அறிக்கை. மருது இட்ட கையொப்பமும் ‘மன்னர்களின் ஊழியன்’ என்பதே.