பழைய மாருதி 800: திருத்துவதா, விற்பதா?

திருத்தச் செலவு காரின் சந்தை விலையில் பாதியைத் தாண்டினால் அந்தக் காரைக் கைவிட வேண்டும் என்பது உலகம் முழுவதும் சொல்லப்படும் கணக்கு. வேறு கார் எளிதில் கிடைக்கும் நாட்டுக்கு அது பொருந்தும். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து ஆண்டுகளில் கால்நூற்றாண்டு ஓடிய கார்கள்கூட விலை ஏறின. இப்போதும் சுங்கவரி, கலால் வரி, 18 சதவீதப் பெறுமதி சேர் வரி எல்லாம் சேர்ந்து, புதிதாக வரும் காரைச் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கின்றன. விலை இப்படி வீங்கியிருக்கும்போது எந்தத் திருத்தச் செலவும் பாதிக்குக் கீழேதான் தெரியும். உக்கிப்போன காரும் இந்தக் கணக்கில் தேறிவிடும். ஆகவே திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் ஒரு பழைய மாருதி 800 வைத்திருப்பவர் விலையை விட்டுவிட்டு, காரையே பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, அடித்தட்டை.

எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. 1983 டிசம்பரில் இந்தியாவில் வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற இந்தக் காரில் இருப்பது 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் கொண்ட சிறிய எஞ்சின். பழைய மாடல்களில் கார்பரேட்டர், நாலு கியர், ஏறக்குறைய 37 குதிரைவலு. கணினியோ சென்சார்களோ இல்லை. நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகை வந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ரேடியேற்றர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது. கொம்பிரஷன் குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அளக்கும்போது அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கஸ்கெற்றையோ சந்தேகிக்கலாம். இவை எல்லாம் செலவு வைக்கும் நோய்கள்தான், ஆனால் தீரக்கூடியவை. கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் பழைய பாட்ஸ் தேடலாம். எஞ்சினையே மாற்றினாலும், புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துவிட்டால் வண்டி மறுபடி ஓடும்.

உடலுக்கு அந்த வசதி இல்லை. மாருதி 800இல் தனிச் சேசிஸ் கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்துப் பற்றவைத்த கூடுதான் பாரத்தைத் தாங்குகிறது. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீற் பெல்ற் எல்லாமே அதில்தான் பிடித்திருக்கின்றன. சம்பூர் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கிறது. வடகீழ்ப் பருவத்தில் மழையும் கடற்காற்றும் சேர்ந்து வரும்போது, உப்பு கலந்த ஈரம் தகட்டு மடிப்புகளுக்குள் போய்த் தங்குகிறது. தண்ணீர் வடியும் துளைகளை மண் அடைத்துவிட்டால் துரு உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயின்ற் பளபளக்கும். எனவே வண்டியைத் தூக்கி நிறுத்தி, மிதியடிகளை எடுத்துவிட்டு, கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், முன் ஷொக் அப்சோபரின் மேல்முனை, பின் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள் ஆகியவற்றை ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதிலாகவோ தகட்டின் மேலோ பட்டி தடிப்பாகப் பூசியிருக்கலாம். கதவு, மட்கார்ட் போன்றவற்றில் ஓட்டை இருந்தால் அது அழகுப் பிரச்சினை. பாரம் தாங்கும் இடங்களில் ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்கினால் அது உயிர்ப் பிரச்சினை.

கியூபாவில் 1950களின் அமெரிக்கக் கார்கள் இன்னும் ஓடுகின்றனவே, இங்கே மட்டும் ஏன் முடியாது என்று கேட்கலாம். அங்கேயும் இறக்குமதிக் கட்டுப்பாடுதான் கார்களைக் காப்பாற்றியது. எஞ்சின் போன கார்களுக்கு வேறு டீசல் எஞ்சின்களைப் பொருத்தி ஓட்டினார்கள். ஆனால் அந்தக் கார்கள் பெரும்பாலும் கனத்த தனிச் சேசிஸ் மேல் நிற்பவை. தகடு உக்கினாலும் கீழேயுள்ள சட்டகம் தாங்கும். அந்த உதாரணத்திலிருந்து எஞ்சினை மாற்றலாம் என்பதை எடுத்துக்கொள்ளலாம். உக்கிய மாருதியையும் காப்பாற்றலாம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

காசுக் கணக்கு இதற்குப் பிறகுதான். ஏற்கெனவே செலவழித்த தொகை முடிவில் சேரக் கூடாது. அது விற்றாலும் வராது, வைத்திருந்தாலும் வராது. இனிமேல் ஆகும் செலவை, வண்டி நம்பி ஓடும் மாதங்களால் வகுக்க வேண்டும். உதாரணமாக மூன்று இலட்சம் ரூபாய் செலவழித்து 36 மாதம் ஓடினால் மாதம் சுமார் 8,300 ரூபாய். இதோடு காரை இன்றைய நிலையில் விற்றால் வரும் தொகையையும் வைத்துப் பார்த்து, வேறு காருக்கான லீசிங் தவணையுடனோ, தேவைப்படும்போது ஓட்டோ பிடிக்கும் செலவுடனோ ஒப்பிடலாம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்ட பின், சம்பூரிலிருந்து குடாவைச் சுற்றித் திருகோணமலைக்குத் தரைவழியாகப் போவது எளிதாயிற்று. அதனால் இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய முதியவர் உள்ள வீட்டுக்குக் காரின் மதிப்பு கூடுதல். மாதத்தில் ஓரிரு முறை சந்தைக்குப் போகும் வீட்டுக்கு வாடகை வண்டியே மலிவு. போரில் 2006இல் இடம்பெயர்ந்து, 2015இல் மீளக் குடியேறத் தொடங்கிய ஊரில், கையிருப்பு முழுவதையும் ஒரே வண்டியில் போடுவது எவருக்கும் நல்லதல்ல.

கடைசியாகப் பாதுகாப்பு. மாருதி 800இல் எயார்பேக் கிடையாது. இதன் வழிவந்த அல்ரோ 800, எயார்பேக் இல்லாத நிலையில் 2014இல் வெளியான குளோபல் என்காப் மோதல் சோதனை முடிவில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. எந்தத் திருத்தமும் இந்தக் குறையை நீக்காது. மோட்டார் சைக்கிளில் குழந்தையை நடுவில் வைத்துப் போவதைவிட இது மேல் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் அது உறுதியான கூடும் நல்ல பிரேக்கும் உள்ள காருக்கு மட்டுமே பொருந்தும். புகைப் பரிசோதனையில் தேறி வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டது என்பதும் உடலுக்கான சான்று அல்ல. அந்தப் பரிசோதனை அளப்பது புகையை மட்டுந்தான். ஆகவே தீர்ப்பு இது: அடித்தட்டு உறுதியாக இருந்தால் பிரேக், டயர், சஸ்பென்ஷன், எஞ்சின் என்ற வரிசையில் திருத்துங்கள், பெயின்ற் கடைசியில் வரட்டும். பாரம் தாங்கும் இடங்கள் உக்கியிருந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், காரை உடைத்துப் பாட்ஸாக விற்றுவிடுங்கள். பட்டி பூசி இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டாதீர்கள்.