புள்ளி எங்கே?

பழைய புத்தகம் ஒன்று கையில் கிடைத்ததும் முதல் வரியை வாசிக்கத் தொடங்கிவிடுவோம். அடுத்த முறை ஒரே ஒரு நிமிடம் வாசிக்காமல் பக்கத்தை வெறுமனே பாருங்கள். மெய்யெழுத்தின் தலையில் இருக்கிறதே புள்ளி, அதை மட்டும் தேடுங்கள். ஓலையிலிருந்து ஈயத்துக்கும் ஈயத்திலிருந்து திரைக்கும் தமிழ்ப் பக்கம் வந்து சேர்ந்த கதையில் பாதியை அந்தப் புள்ளியே சொல்லிவிடும்.

ஓலையில்

தஞ்சாவூர் சரஸ்வதி மகால் போன்ற இடத்தில் கண்ணாடிக்குள் சுவடியைப் பார்க்கக் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். முதலில் துளையைப் பாருங்கள். கயிறு கோக்கப் போட்ட துளையைச் சுற்றி எழுத்துகள் ஒதுங்கி நிற்கும். இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டு எண் இருக்கும். எழுத்தாணி கீறியபோது அந்த வரிகளுக்கு நிறமே இல்லை. பிறகு மை தடவித் துடைத்ததால் கீறலுக்குள் கறுப்பு தங்கியது.

இப்போது புள்ளியைத் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும் ஏடெழுதியவர்கள் வைக்காமல் விட்டார்கள். கூர்முனையால் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒரே உருவம். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. செய்யுள்கூட உரைநடை போல ஓலையின் விளிம்புவரை ஓடும்.

அதனால் ‘கொல்’, ‘கோல்’ இரண்டும் ஓலையில் ஒன்றுபோலவே இருக்கும். கொலையா, செங்கோலா என்பதை முன்பின் சொற்களும் யாப்பும்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட ஏடுகளை ஒப்பிட்டுத்தான் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காலப் பதிப்புகளைப் புரட்டினால், ஒவ்வொரு புள்ளியும் ஒருவர் யோசித்து எடுத்த முடிவாகத் தெரியும்.

ஈயத்தில்

தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் ‘தம்பிரான் வணக்கம்’. 1578இல் கொல்லத்தில் அச்சானது. மொத்தமே 16 பக்கம். பிறகு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை பெரியவை, காகிதத்தை விழுங்கின. காகிதமோ தட்டுப்பாடு. ஆகவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்தில் எழுத்து ஏன் இந்த அளவில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அழகைவிடச் செலவுதான் பல சமயம் பதிலாக வரும்.

இதை ரசிக்க அருங்காட்சியகம் தேவையில்லை. வீட்டுப் பரணில் 1960களில் வந்த நாவல் ஏதாவது இருந்தால் போதும். ஒரு தாளைத் திருப்பி, அதன் முதுகை விரல் நுனியால் தடவுங்கள். ஈய எழுத்து அழுத்திய மேடுகள் தட்டுப்படும். பக்கத்தின் அடியில், ஒவ்வொரு பாரமும் (சேர்ந்து அச்சாகி மடிக்கப்பட்ட பக்கங்களின் தொகுதி) தொடங்கும் இடத்தில் சின்னதாக ஓர் எண்ணோ, புத்தகப் பெயரின் முதலெழுத்தோடு ஓர் எண்ணோ இருக்கும். அது வாசகருக்கு அல்ல, பைண்டருக்கு. பாரங்களை வரிசை மாறாமல் அடுக்கத்தான் அந்தக் குறி. புள்ளி இங்கே உண்டு. ஆனால் தேய்ந்த ஈயத்தில் அது அரைகுறையாக விழும், சில இடங்களில் விழாமலே போகும். அச்சுப்பிழை என்று சலித்துக்கொள்ளாமல், அந்த எழுத்தைக் கம்பாசிட்டர் எத்தனை புத்தகங்களுக்கு எடுத்துக் கோத்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படியே ‘யானை’ என்ற சொல்லையும் தேடுங்கள். பழைய அச்சில் ‘னை’யின் தலையில் ஒரு தும்பிக்கை வளைந்திருக்கும். யானைக்கே தும்பிக்கை! ணா, றா, னா முதலிய எழுத்துகளும் அப்போது வேறு உருவத்தில் இருந்தன. பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ இதழில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த மாற்றத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. மற்ற எழுத்துகளுக்குப் போடும் அதே காலும் கொம்புமே இவற்றுக்கும் போதும் என்றானது. கம்பாசிட்டரின் வேலை குறைந்தது. யானை தும்பிக்கையை இழந்தது.

திரையில்

‘கோ’ என்று கையால் எழுதினால் முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். ஈயத்திலும் அந்த வரிசைதான். யூனிகோடில் அப்படியில்லை. முதலில் க, அதற்குப் பின்தான் ஓகாரக் குறி. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது எழுத்துருவின் வேலை. வாய் உச்சரிக்கும் வரிசையில் போன் நினைவு வைத்துக்கொள்கிறது, கை எழுதிய வரிசையில் காட்டுகிறது.

போனைப் படுக்கையாகத் திருப்பிப் பாருங்கள். வரிகள் வேறு இடத்தில் மடங்கும். ஓலையின் அகலமும் காகிதத்தின் விலையும் தீர்மானித்த எழுத்தின் அளவை இப்போது இரண்டு விரல்கள் தீர்மானிக்கின்றன.

கடைசியாக ஒரு சின்னப் பரிசோதனை. ‘கோல்’ என்று தட்டச்சு செய்து, அழிக்கும் பொத்தானை ஒரே ஒரு முறை தொடுங்கள். பல போன்களில் ‘ல்’ முழுதாகப் போகாது. புள்ளி மட்டும் போகும். ‘கோல’ என்று நிற்கும். ஏடெழுதியவர் எழுத்தாணியை எடுத்த இடம் அதுதான்.