துரைசானியின் நண்பர்கள்

ஜூலியா மார்கரெட் கேமரூனைப் பற்றிப் பேசும்போது நட்பு என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தன் நண்பர்களையும் அண்டை வீட்டாரையும் உறவினர்களையும் வீட்டு வேலைக்காரப் பெண்களையும் கேமராவின் முன்னால் உட்காரவைத்து, ஏறக்குறைய 1,200 படங்களை விட்டுச்சென்றவர். ஸ்டூடியோக்காரர்கள் காசு கொடுத்தவர்களை எடுத்தார்கள், இவர் நேசித்தவர்களை எடுத்தார் என்பது வழக்கமான பாராட்டு. அதில் பொய்யில்லை. ஆனால் அந்தப் படங்களுக்கு அவர் வைத்த தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டே வாருங்கள். அந்த நேசம் யார் வரைக்கும் நீண்டது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பது தெரிந்துவிடும்.

1815இல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1838இல் தன்னைவிட இருபது வயது மூத்த சார்லஸ் ஹே கேமரூனை மணந்தார். இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு இந்தச் சார்லஸைத் தெரியும். 1833இன் கோல்புரூக்-கேமரூன் சீர்திருத்தங்களில் வரும் கேமரூன் அவர்தான். அந்தத் தொடர்பில் இலங்கை மலைநாட்டில் நிலம் வாங்கினார், காப்பி பயிரிட்டார். 1860இல் குடும்பம் வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் குடியேறியபோது வீட்டுக்கு வைத்த பெயர் டிம்போலா. இலங்கையில் அவர்களுடைய தோட்டம் இருந்த திம்புள்ளவின் பெயர் அது. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகடு, வெள்ளி நைட்ரேட், லென்ஸ் எல்லாம் விலை கூடிய பொருள்கள். அவற்றை வாங்கிய வீட்டுக்கு வரும்படி காப்பியிலிருந்து வந்தது.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தபோது அவருக்கு வயது 48. ஆறு பிள்ளைகளைப் பெற்று, போதாதென்று அனாதைப் பிள்ளைகளையும் எடுத்து வளர்த்து முடித்திருந்தார். இனி என்ன இருக்கிறது என்று ஊர் கேட்கும் வயதில் கோழிக்கூண்டைக் காலி செய்து அதைக் கண்ணாடி வீடாக்கினார். நிலக்கரி போட்டுவைத்த அறை இருட்டறையானது. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளிக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவிவிட வேண்டும். எதிரில் இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். கையெல்லாம் கறுத்துப்போகும். பத்திரிகைகளில் எழுதிய தொழில்முறை ஆண்கள் ஃபோகஸ் இல்லை, தகட்டில் விரல்ரேகை இருக்கிறது, கீறல் இருக்கிறது என்று குறை சொன்னார்கள். எது சரியான ஃபோகஸ் என்று தீர்மானிக்க நீங்கள் யார் என்ற பொருளில் தன் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு, அவர் தன் வழியில் போய்க்கொண்டே இருந்தார். இந்தப் பிடிவாதத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். கீழே நான் சொல்லப்போவதை, பிடித்த ஒருவரைப் பற்றிச் சொல்வதாகவே படிக்க வேண்டும்.

அந்த நண்பர் வானியலாளர் ஜான் ஹெர்ஷெல். இருவரும் 1836இல் நன்னம்பிக்கை முனையில் சந்தித்துக்கொண்டவர்கள். புகைப்படக்கலை பிறந்த செய்தியைக் கல்கத்தாவில் இருந்த ஜூலியாவுக்கு எழுதி அனுப்பியவரும் ஹெர்ஷெல்தான். 1867இல் அவருடைய வீட்டுக்கே போய்ப் படம் எடுத்தார். தலைமுடியைக் கழுவச் சொல்லி, கலைத்துவிட்டு, கறுப்புத் துணியைப் போர்த்தி உட்காரவைத்தார். பின்னணியில் எதுவும் கிடையாது. இருட்டிலிருந்து ஒரு முகமும் வெள்ளை முடியும் கண்களும் மட்டும் வெளிவருகின்றன. முப்பது ஆண்டுப் பழக்கம் இல்லாமல் இப்படி ஒரு படம் கிடைக்காது. படத்தின் பெயர் ஹெர்ஷெல். கார்லைலின் படத்துக்குப் பெயர் கார்லைல். டென்னிசனுக்கு டென்னிசன், டார்வினுக்கு டார்வின். சில அச்சுகளில் அவர்களிடமே கையெழுத்தும் வாங்கினார். கையெழுத்துள்ள படம் கடையில் கூடுதல் விலைக்குப் போகும். காப்பி வருமானம் தேய்ந்துகொண்டிருந்த குடும்பத்துக்கு அந்தக் காசு தேவைப்பட்டது.

பெண்களிடம் வரும்போது கணக்கு மாறுகிறது. 1864இல் நடிகை எல்லன் டெர்ரி எடுக்கப்பட்டார். பதின்வயது முடியவில்லை, தன்னைவிட முப்பது வயது மூத்த ஓவியருக்கு அப்போதுதான் மனைவியாகியிருந்தார். படத்தின் தலைப்பு 'துயரம்'. அக்காள் தங்கை பிள்ளைகளில் ஜூலியாவுக்கு மிகப் பிரியமான பெண் ஜூலியா ஜாக்சன், பின்னாளில் வர்ஜீனியா வுல்ஃபைப் பெற்றவர். அவரைப் பெரும்பாலும் எந்த வேடமும் போடாமல், தாமாகவே இருக்கவிட்டு எடுத்தார். 1867 ஏப்ரலில், கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்னால் எடுத்த படங்கள் சில 'திருமதி ஹெர்பர்ட் டக்வொர்த்' என்ற பெயரில் இருக்கின்றன. முகம் அவளுடையது, தலைப்பு மாப்பிள்ளையுடையது. 1926இல் வுல்ஃபும் ரோஜர் ஃப்ரையும் இந்தப் படங்களைப் புத்தகமாகப் போட்டபோது தலைப்பில் 'புகழ்பெற்ற ஆண்களும் அழகிய பெண்களும்' என்று எழுதினார்கள். வுல்ஃபின் குறும்பு அதில் இருக்கிறது. குறும்பு என்றாலும் உண்மையான பட்டியல்.

அழகிய பெண்களில் அதிகம் காணப்படுபவர் மேரி ஹில்லியர். அதே ஊரில் செருப்புத் தைப்பவரின் மகள், அந்த வீட்டு வேலைக்காரி. மாதாவாக, சாஃபோவாக, கல்லறையில் நிற்கும் தேவதையாக அவர் முகத்தை எத்தனை முறை பார்த்தாலும் தீராது. ஊர்க்காரர்கள் அவரை 'மடோனா மேரி' என்றே கூப்பிட்டார்கள். மாதாவாக நிற்காத நேரத்தில் மேரிக்கு வீட்டு வேலை இருந்தது. ஒருமுறை எங்கள் வாசிப்புக் குழுவில் ஹெர்ஷெல் படத்தையும் மேரி சாஃபோவாக இருக்கும் படத்தையும் தலைப்பை மறைத்துக் காட்டினேன். ஆணை யாரோ பைத்தியக்காரக் கிழவர் என்றார்கள். மேரியை ராஜகுடும்பம் என்றார்கள்.

அந்தத் தவறான ஊகத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். வேலைக்காரியின் முகத்தை ஹெர்ஷெலின் முகத்துக்குக் கொடுத்த அதே கவனத்தோடும் பொறுமையோடும் எடுக்கலாம் என்று அந்தக் காலத்தில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? கேமரூனுக்குத் தோன்றியது. மேரிக்கு அவர் முகத்தைக் கொடுத்தார். வர்க்கம் குறுக்கே வந்த இடம் தலைப்பு. செருப்புத் தைப்பவரின் மகள் மேரியை மேரியாகவே யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள் என்பதும் உண்மை. தன் புகைப்பட அனுபவங்களை எழுதிப் பாதியில் விட்ட குறிப்பில் மேரி ஹில்லியரைப் பெயர் சொல்லி மனம் நிறையப் புகழ்ந்திருக்கிறார் கேமரூன். நன்றி மறந்தவர் இல்லை. ஆனால் அந்தக் குறிப்பைச் சுவரில் மாட்டுவதில்லை, படத்தைத்தான் மாட்டுகிறார்கள். மேரி 1936 வரை வாழ்ந்தார். வுல்ஃபின் புத்தகம் வந்தபோது உயிரோடு இருந்தார்.

இன்னொரு மேரியும் உண்டு, மேரி ரயன். தாயோடு பிச்சையெடுத்துக்கொண்டிருந்த ஐரிஷ் சிறுமி. கேமரூன் வீட்டுக்கு அழைத்துவந்து வளர்த்து, வேலைக்காரியாக்கி, மாடலாக்கினார். 1865இல் லண்டன் கண்காட்சியில் அந்த முகத்தைப் பார்த்து மயங்கிய ஹென்றி காட்டன் இரண்டு ஆண்டு கழித்து அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆம், 1904இல் பம்பாயில் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கிய அதே காட்டன். அசாமின் தலைமை ஆணையராக இருந்தபோது தேயிலைத் தோட்டக் கூலிகளுக்குச் சம்பளத்தை உயர்த்தச் சொல்லித் தோட்டக்காரர்களின் பகையைச் சம்பாதித்தவர். அதில் மேரிக்குப் பங்கு உண்டா என்று நான் ஊகிக்கப்போவதில்லை. பிச்சையெடுத்த ஒரு பெண் சீமாட்டியானது தேவதைக் கதையாகச் சொல்லப்பட்டே பழகிவிட்டது. கதையில் பேசாமல் இருப்பவர் மேரி மட்டும்தான்.

பெயர் எழுதினாலே மரியாதை வந்துவிடும் என்று சொல்லவும் முடியாது. 1868இல் கேமரூன் எடுத்த எத்தியோப்பிய இளவரசன் அலமாயுவுக்கு ஏழு வயது. பிரிட்டிஷ் படை மக்டலாவைப் பிடித்து, தகப்பன் தற்கொலை செய்துகொண்டு, தாயும் வழியில் இறந்த பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தை. அவன் பெயர் தலைப்பில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் வெற்றிக்குச் சாட்சி ஏது? கண்ணில் தெரியும் சோர்வைக் கேமரா எடுத்துக்கொண்டது, போரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

1869 முதல் இலங்கைக் காப்பியில் இலைநோய் பரவியது. வருமானம் சரிந்தது. கணவருக்கோ இலங்கை ஏக்கம். 1875இல் தம்பதி கப்பலேறினார்கள். துறைமுகத்தில் சுமைகூலிகளுக்குக் கொடுக்கக் காசில்லாமல் தன் படங்களையே கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. எல்லோரும் ரசித்துச் சொல்லும் கதை. வாங்கிக்கொண்டு போன கூலி அன்றைக்குச் சாயங்காலம் என்ன சாப்பிட்டார் என்று கதை சொல்வதில்லை.

இலங்கையில் எடுத்தவற்றில் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. எடுக்கப்பட்டவர்கள் வீட்டு வேலைக்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும். இங்கிலாந்தில் முகத்துக்கு அவ்வளவு அருகில் போன கேமரா, இங்கே பல படங்களில் சில அடி பின்னால் நிற்கிறது. முகம் சட்டத்தை நிறைப்பதில்லை. உடலும் உடையும் செடிகொடியும் சேர்ந்து வருகின்றன. தலைப்பில் 'பெண், சிலோன்' என்றோ 'குடியானவர்கள்' என்றோ இருக்கும். பெயர் கிடையாது. மாதாவின் பெயரைக்கூட யாரும் இரவல் கொடுக்கவில்லை. தமிழரா சிங்களரா என்று எழுதவும் தோன்றவில்லை. 1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நார்த்தையும் கேமரூன் படமெடுத்தார். அந்த வெக்கையில் கம்பளிச் சால்வையைப் போர்த்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்த நிற்கவைத்தாராம். நார்த் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். அவரால் சிரிக்க முடிந்தது, எழுதவும் முடிந்தது. அவர் பெயர் படத்தில் இருக்கிறது.

நார்த் சொல்லும் இன்னொரு சங்கதி என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. ஊர்க்காரர் ஒருவரின் முதுகு கேமரூனுக்கு மிகவும் பிடித்துப்போனது. அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினார். வீட்டில் தோட்டமே இல்லை, அந்த ஆளுக்குத் தோட்டக்காரர் என்றால் என்னவென்றும் தெரியாது. ஹெர்ஷெலிடம் கேமரூன் தேடியது முகத்தின் பின்னால் இருந்த மனிதரை. இங்கே முதுகு போதுமானதாக இருந்தது.

அவை தாது வருஷப் பஞ்சத்தின் ஆண்டுகள். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் பசியால் செத்துக்கொண்டிருந்தபோது, கங்காணிமார் பின்னால் மன்னார் இறங்கி, காட்டுவழி நடந்து கண்டிச் சீமைக்கு வந்து சேர்ந்த கூட்டம் அதிகம். மலையகத் தோட்டங்களில் ஒருநாள் உழைப்புக்குப் 'பேர்' என்றே பெயர். முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். செக்ரோலில் விழுந்தால்தான் சம்பளம். ஆக, பெயரே இல்லாத மக்கள் இல்லை அவர்கள். தினமும் கூப்பிட்டு, தினமும் எழுதி, வெட்டிக் குறைத்த பேர்கள். துரை வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் ஏறிய பேர், துரைசானியின் படத்தடியில் ஏறவில்லை.

1879 ஜனவரியில் டிக்கோயா பக்கம் மகன் ஒருவரின் தோட்டத்தில் கேமரூன் இறந்தார். பொகவந்தலாவை மாதா கோயில் வளவில் அடக்கம். அடுத்த ஆண்டு கணவரும் அங்கேயே வந்து சேர்ந்தார்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்கு முந்தைய ஆண்டு களுத்துறையில் எடுத்த ஒரு படத்தை. ஒரு கிழவரும் சின்னப் பெண் ஒருத்தியும் அதில் இருக்கிறார்கள். தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு'. அதோடு கேமரூன் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்: பெண்ணுக்கு 12 வயது, கிழவர் தன்னை அவள் தகப்பன் என்கிறார், தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார். நம்பாத தொனி அதில் தெரிகிறது. ஆனால் குறிப்பை எழுதுவதற்கு முன்னால் ஒரு பேச்சு நடந்திருக்க வேண்டும். துரைசானி கேட்டிருக்கிறார், யாரோ மொழிபெயர்த்திருக்கிறார்கள், கிழவர் பதில் சொல்லியிருக்கிறார், வயதும் உறவும் தாளில் ஏறியிருக்கின்றன. அந்தப் பேச்சில் அவர் தன் பெயரைச் சொன்னாரா, மகளை ஒருமுறையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கூப்பிட்டிருப்பார். படம் எடுக்கிற வரைக்கும் ஆடாமல் நில்லு என்று அவர்தானே சொல்லியிருக்க வேண்டும்.